அடுத்த ஆண்டும் ஆய்வகம் திறந்திருக்குமா? பின்லாந்தில் கற்ற பாடம்

உயர்நிலைப் பள்ளியில் தமிழ்க் கட்டுரை எழுதும்போது நான் அடிக்கடி பயன்படுத்திய சொல் ‘புத்தாக்கம்’. முடிவுரையில் அதைச் சேர்த்துவிட்டால் கட்டுரைக்கு ஒரு கனம் வந்துவிடும் என்று வகுப்பில் எங்கள் எல்லாருக்கும் நம்பிக்கை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் யாருடைய பணம் இருக்கிறது, அது எத்தனை ஆண்டுகளுக்கு வரும், நின்றுபோனால் யாருக்கு வேலை போகும் என்றெல்லாம் அப்போது நான் யோசித்ததில்லை.

பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் படிக்கத் தொடங்கிய பிறகு யோசிக்க வேண்டியதாயிற்று. பட்டப்படிப்பு முடிந்ததும் முனைவர் பட்ட ஆய்வுக்குப் போகலாமா என்று ஒரு நாள் வீட்டில் பேச்சை எடுத்தேன். அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: “ஆராய்ச்சின்னு போனா, அடுத்த வருஷமும் சம்பளம் வரும்னு யாருப்பா சொல்லுவா?”

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் படிக்கப் பின்லாந்துக்கு விமானம் ஏறினேன். அதே கேள்வியை ஒரு நாடே முப்பது ஆண்டுகளாகத் தன்னிடம் கேட்டுக்கொண்டிருப்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

பிர்ச் மரத்தில் ஓர் ஆடை

தலைநகர் ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போ நகரில் இருக்கிறது ஆல்டோ பல்கலைக்கழகம். கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ வடிவமைத்த செங்கல் கட்டடங்கள், அவற்றைச் சுற்றி மரங்கள். தொழில்நுட்பம், வணிகம், கலை வடிவமைப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே இருந்த மூன்று பல்கலைக்கழகங்களை இணைத்து 2010ல் இதை உருவாக்கினார்கள். பொறியாளரும் வடிவமைப்பாளரும் வணிகம் படிப்பவரும் ஒரே இடத்தில் சந்தித்தால் புதியவை பிறக்கும் என்பது எதிர்பார்ப்பு.

அதற்கு நல்ல எடுத்துக்காட்டு ‘அயான்செல்’. மரக்கூழை அயனித் திரவம் ஒன்றில் கரைத்து, நூலாக இழுத்து, துணியாக நெய்யும் தொழில்நுட்பம் இது. ஆல்டோ, ஹெல்சிங்கி பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கினார்கள். 2018 டிசம்பர் 6, பின்லாந்தின் சுதந்திர நாள் விருந்துக்கு, அப்போதைய அதிபரின் மனைவி யென்னி ஹௌகியோ பிர்ச் மரத்திலிருந்து தயாரான இந்தத் துணியில் தைத்த ஆடையை அணிந்து வந்தார்.

பொருளறிவியல் மாணவரான எனக்கு அந்த ஆடையைவிட அதற்குப் பிடித்த காலம்தான் வியப்பாக இருந்தது. சரியான திரவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், நூல் அறுந்துபோகாமல் இழுக்க வேண்டும், பயன்படுத்திய திரவத்தை மீட்டெடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கணக்கில் உழைப்பு. இடையில் ஓர் ஆண்டு பணம் நின்றிருந்தால், கற்றுக்கொண்டவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். கருவிகளைப் பூட்டி வைத்துப் பிறகு திறந்துகொள்ளலாம், கலைந்து போன ஒரு குழுவை அப்படித் திரும்பச் சேர்க்க முடியாது.

நெருக்கடியில் கூட்டினார்கள்

பின்லாந்தின் மக்கள்தொகை சுமார் 5.6 மில்லியன், நம் சிங்கப்பூரைவிடக் குறைவு. நாடு சுதந்திரம் பெற்ற 50ஆம் ஆண்டை ஒட்டி, 1967ல் ‘சிட்ரா’ என்ற புத்தாக்க நிதியம் அமைந்தது. 1983ல் ‘டெகெஸ்’ என்ற தொழில்நுட்ப நிதி அமைப்பைத் தொடங்கினார்கள். 1987 முதல் அறிவியல், தொழில்நுட்பக் கொள்கை மன்றத்துக்குப் பிரதமரே தலைமை தாங்கினார்.

உண்மையான சோதனை 1990களின் தொடக்கத்தில் வந்தது. வங்கிகள் தடுமாறின. பெரிய வாடிக்கையாளரான சோவியத் ஒன்றியம் சிதறியது. மூன்றே ஆண்டுகளில் பொருளியல் 10 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. 1990ல் 3 விழுக்காட்டை ஒட்டியிருந்த வேலையின்மை, 1994ல் 16 விழுக்காட்டைத் தாண்டியது.

அரசு பல செலவுகளை வெட்டியது, ஆனால் தொழில்நுட்ப ஆய்வுக்கான பணத்தைக் கூட்டியது. 1996ல், அரசு நிறுவனங்களின் பங்குகளை விற்றுக் கிடைத்த தொகையில் ஒரு பகுதியை ஆய்வுக்குத் திருப்பவும் முடிவெடுத்தது. 1991ல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 2 விழுக்காடாக இருந்த ஆய்வு மேம்பாட்டுச் செலவு, 2000ஆம் ஆண்டில் 3.3 விழுக்காட்டை எட்டியது.

அந்தப் பணம் போன விதமும் கவனிக்கத்தக்கது. பெரிய நிறுவனம் டெகெசிடம் நிதி கேட்டால், பல்கலைக்கழகங்களோடும் சிறிய நிறுவனங்களோடும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அப்போதுதான் ஒரு நிறுவனத்தில் பிறந்த அறிவு அதன் சுவருக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்காது.

காகித ஆலையாகத் தொடங்கி, ரப்பர் காலணியும் மின்வடமும் செய்துவந்த நோக்கியா, உலகின் மிகப் பெரிய கைப்பேசி நிறுவனமாக வளர்ந்தது இந்தக் காலத்தில்தான். உலகின் முதல் ஜிஎஸ்எம் அழைப்பு 1991 ஜூலை 1ஆம் தேதி நோக்கியா கருவிகளைக் கொண்டு பின்லாந்தில் செய்யப்பட்டது. பேசியவர் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கெரி.

நெருக்கடியில் குறைத்தார்கள்

நமக்குச் சொல்லப்படும் பின்லாந்துக் கதை பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். அங்குள்ளவர்கள் சொல்லும் கதை இன்னும் கொஞ்சம் நீளமானது.

2009ல் அந்நாட்டின் ஆய்வு மேம்பாட்டுச் செலவு 3.75 விழுக்காட்டைத் தொட்டது. அதில் பெரும் பங்கு நோக்கியா என்ற ஒரே நிறுவனத்துடையது. ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்த பிறகு நோக்கியா சரிந்தது. 2013ல் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் வேலையிழந்தார்கள்.

நாடு மீண்டும் நெருக்கடிக்குள் விழுந்தது. 1990களைப் போலன்றி, இந்த முறை அரசின் கத்தி ஆய்வுப் பக்கமும் திரும்பியது. 2015ல் பதவிக்கு வந்த அரசு பல்கலைக்கழக நிதியையும் டெகெசின் நிதியையும் குறைத்தது. 2016 ஜனவரியில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் 980 பணியிடங்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. தனியார், அரசு ஆகிய இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தளர்ந்ததால், 2016ல் நாட்டின் ஆய்வுச் செலவு சுமார் 2.7 விழுக்காட்டுக்கு இறங்கியது.

என் ஆய்வகத்தில் எனக்கு வழிகாட்டிய அக்காவுக்கு (அங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள், எனக்குத்தான் மனத்துக்குள் ‘அக்கா’ என்று வந்தது) அந்த ஆண்டு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது அவர் வேறொரு கல்வி நிலையத்தில் மாணவி. கருவியை இயக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த தொழில்நுட்பர் ஒரு வெள்ளிக்கிழமை தம் குறிப்பேட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். “திங்கட்கிழமை கருவி இருந்தது, அதன் கோளாறுகளை அறிந்தவர் இல்லை. அவர் சில நிமிடத்தில் சரிசெய்வதை நான் கற்றுக்கொள்ள ஒரு பருவம் ஆனது,” என்றார். அந்தக் குறிப்பேட்டை இன்னும் வைத்திருக்கிறார்.

எல்லாமே சரிவு என்றும் சொல்லிவிட முடியாது. நம்மில் பலர் விளையாடிய ‘கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்’ நினைவிருக்கிறதா? அதை உருவாக்கிய சூப்பர்செல் 2010ல் பின்லாந்தில் பிறந்தது. தொடக்கத்தில் டெகெசின் நிதியுதவியும் பெற்றது. நோக்கியா தன் கைப்பேசிப் பிரிவை விற்பதாகச் சொன்ன அடுத்த மாதமே, சூப்பர்செல்லின் 51 விழுக்காட்டுப் பங்குகள் 1.5 பில்லியன் அமெரிக்க டாலருக்குக் கைமாறின. பல ஆண்டுகளுக்கு முன் விதைத்தவை சில, மோசமான காலத்திலும் காய்க்கத்தான் செய்தன.

இலக்கு போதவில்லை, சட்டம் வந்தது

2020க்குள் 4 விழுக்காடு என்ற இலக்கு பின்லாந்துக்கு முன்பே இருந்தது. அதை எட்ட முடியவில்லை. இலக்கு என்பது புத்தாண்டுத் தீர்மானம் மாதிரி, மீறினால் யாரும் கேட்க முடியாது.

எனவே நாடாளுமன்றக் கட்சிகள் எல்லாம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. அரசின் ஆய்வு நிதியைப் பற்றிய தனிச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. நாட்டின் மொத்த ஆய்வுச் செலவை 2030க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 4 விழுக்காட்டுக்குக் கொண்டுசெல்வது நோக்கம். அதில் 1.2 விழுக்காட்டை அரசு தர வேண்டும். அதற்காக அரசு தன் பங்கை ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டே போக வேண்டும். மீதியில் பெரும்பகுதி நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும்.

சில மாதங்களிலேயே தேர்தல் வந்தது. சன்னா மரினின் அரசு போய், பெட்டெரி ஒர்போவின் அரசு வந்தது. கொள்கைகள் பல மாறின. ஆய்வு நிதி பற்றிய வாக்குறுதி மாறவில்லை. முனைவர் பட்ட மாணவர்கள் 1,000 பேரைக் கூடுதலாகச் சேர்க்க 255 மில்லியன் யூரோ ஒதுக்கினார்கள். மூன்றே ஆண்டில் பட்டம் முடிக்க உதவும் முன்னோடித் திட்டம் அது.

யார் தலையில் செலவு?

இதைக் கேட்டு நான் அசந்துபோனபோது, விடுதியில் என் பக்கத்து அறைத் தோழி சிரித்தாள். புதிய அரசு ஆய்வுக்குப் பணத்தைக் கூட்டியது, ஆனால் சமூகநலச் செலவுகளைக் குறைத்தது. மாணவர்களுக்கான வீட்டு வாடகை உதவியிலும் கை வைத்தது. 2023 இலையுதிர் காலத்தில் மாணவர்கள் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் அமர்ந்து போராடினார்கள்.

“என் பேராசிரியரின் ஆய்வகத்துக்குப் பணம் வந்திருக்கிறது, நல்லது. ஆனால் அந்த ஆய்வகத்துக்கு வந்துசேரும் வரை நான் வாடகை கட்ட வேண்டுமே,” என்றாள் அவள். அவள் மாலை நேரங்களில் பேரங்காடியில் வேலை செய்கிறாள். பள்ளிப் படிப்பிலிருந்து முனைவர் பட்டம் வரை நீளும் பாதையின் ஒரு முனையை அகலப்படுத்தி மறுமுனையைக் குறுக்கினால், யார்தான் கடைசி வரை வந்துசேர்வார்கள்? இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

முன்னோடித் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கும் கவலை உண்டு. மூன்று ஆண்டுகள் முடிந்ததும் அத்தனை முனைவர்களுக்கும் வேலை கொடுக்க நிறுவனங்கள் முன்வருமா? அரசு தன் பங்கைச் சட்டத்தில் எழுதிவிடலாம், தனியாரின் பங்கை யாரும் சட்டத்தில் எழுத முடியாது.

அம்மாவுக்குப் பதில்

சிங்கப்பூரில் 1991 முதல் ஐந்தாண்டுத் திட்டங்களாக ஆய்வுக்குப் பணம் ஒதுக்கப்படுகிறது. 2021 முதல் 2025 வரையிலான திட்டத்துக்கு 25 பில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள். நெடுநாள் திட்டமிடல் நமக்கு இயல்பாகிவிட்டதால், அதன் மதிப்பு நம் கண்ணில் படுவதில்லை. ஒரு முறை அறுபட்டால் என்ன ஆகும் என்று பார்த்த நாட்டில் சில மாதங்கள் வாழ்ந்த பிறகு எனக்கு அது கண்ணில் பட்டது.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். எந்தச் சட்டமும் எனக்குச் சம்பளம் வரும் என்று உறுதி சொல்லாது. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். இந்த ஆய்வுக்கு யார் பணம் தருகிறார்கள்? எத்தனை ஆண்டுகளுக்கு? இங்கே எனக்கு முன் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகச் சென்ற மாதம் ஒரு பேராசிரியரைச் சந்தித்தபோது, தயங்கித் தயங்கி இந்த மூன்றையும் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு தாளை எடுத்து, நிதி எப்போது முடிகிறது என்று வரைந்து காட்டினார். இன்னும் இரண்டரை ஆண்டு இருக்கிறது. முன்பு படித்த மாணவர்கள் மூவரின் மின்னஞ்சல் முகவரிகளையும் கொடுத்து, அவர்களிடமே கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

அந்தத் தாள் இப்போது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியவர் அம்மா. “ரெண்டரை வருஷம் முடியறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே அடுத்ததுக்கு எழுதிப் போடு,” என்கிறார். பின்லாந்து நாடாளுமன்றத்துக்குப் பல ஆண்டுகள் பிடித்த முடிவுக்கு, அம்மா ஒரே வாரத்தில் வந்துவிட்டார்.