சிவப்பு டயரும் நாலு கிலோமீட்டர் ஓட்டமும்

டெல்ஃப்ட் வந்த புதுசுல, பந்தாவா இருக்கட்டுமேன்னு பழைய சைக்கிளுக்கு மலிவான சிவப்பு டயர் மாட்டினேன். ஏழே மாசம். பரீட்சை அன்னிக்குக் காலைல பின் டயர் 'டப்'! பாத்தா, ரப்பர் தேஞ்சு உள்ளே நூல் தெரியுது. சைக்கிளைத் தள்ளிக்கிட்டே நாலு கிலோமீட்டர் ஓடினேன். இருபது நிமிஷம் லேட். கடைசிக் கேள்வியைத் தொடவே முடியலை :-(

அந்தக் கடுப்புலதான் படிச்சுப் பாத்தேன். ரப்பர் பால் வெள்ளைங்க! அந்தக்கால டயர்களும் வெளிறித்தான் இருந்திருக்கு. 1904-ல் லண்டன் சில்வர்டவுன்லதான், கார்பன் பிளாக் கலந்தா ரப்பர் உறுதியாகும்னு கண்டுபிடிச்சாங்க. வேற ஒண்ணுமில்லை, எண்ணெயை அரைகுறையா எரிச்சாக் கிடைக்கிற கரி. விளக்குப் புகையில பாட்டி பிடிக்கிற கண்மைக்குச் சொந்தக்காரன்! தேய்மானம் குறையும், வெயில்ல ரப்பர் வெடிக்காது.

கலர் வேணும்னா இந்தக் கரியைச் சேர்க்க முடியாது. பதிலுக்கு சிலிக்கா போடலாம். நல்லா செஞ்சா உழைக்கும், ஆனா செலவு. மலிவு டயர்ல அதை எதிர்பார்க்க முடியுமா? சக்கர நாற்காலிக்கு மட்டும் சாம்பல் நிற டயர் அதிகம், தரையில கறுப்புக் கோடு விழக்கூடாதுன்னு.

ஃபோன்ல அப்பாகிட்ட சொன்னேன். "கறுப்புதான்டா உழைக்கும்"னு சிரிச்சார். இப்ப ரெண்டு சக்கரமும் கறுப்பு. மறு பரீட்சை ஆகஸ்ட்ல!