மடிக்கணினி இயங்க மறுத்தால்

நீர் இறைக்கும் இயந்திரம் ஒருநாள் இயங்காவிட்டால் எமது கண்டாவளை வயற்காரர் எவரும் அதை உடனே பழைய இரும்புக்கு விற்றுவிடுவதில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பி, கிடைத்த மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர்கள் நாம். பிளக்கில் பொறி வருகிறதா, எண்ணெய் வந்து சேருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே குறையைக் கண்டுபிடித்தோம். பிள்ளையின் படிப்புக்கு வாங்கிய மடிக்கணினியையும் அப்படித்தான் பார்க்கவேண்டும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 2009இன் தொடக்கத்தில் தருமபுரம், விசுவமடு வழியாகக் கிழக்கே நகர்ந்த குடும்பங்கள் பல, காணி உறுதிகளையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் வழியில் இழந்தன. மீண்டும் தேடிப்பெற்ற பத்திரங்களின் பிரதிகளையும், இல்லாமற்போன உறவினரின் படங்களையும் இன்று சிலர் மடிக்கணினியில் வைத்திருக்கிறார்கள். கணினி பழுதாவது ஒரு நட்டம். அதைத் திருத்தப்போய் இவை அழிவது அதைவிடப் பெரிய நட்டம்.

சுவிச்சை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்று முதலில் கவனியுங்கள். எந்த விளக்கும் எரியாவிட்டால், குறை பெரும்பாலும் மின்சாரம் வரும் வழியில் இருக்கும். சுவர்ப் பிளக்கில் மின் உள்ளதா என்று கைபேசியின் சார்ச்சரைச் செருகிப் பாருங்கள். அடுத்தது மடிக்கணினியின் சார்ச்சர். வீட்டுக்கு வரும் 230 வோல்ற் மின்சாரத்தை அது பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ற் ஆகக் குறைத்துக் கொடுக்கும். சரியான அளவு அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கும். முனை உருண்டையானதாயின், மோட்டார் சைக்கிள் திருத்துபவர் தமது மீற்றரால் அளந்து சொல்லிவிடுவார். இரவல் சார்ச்சர் பொருத்துவதானால் வோல்ற் ஒன்றாகவும் அம்பியர் குறையாமலும் இருக்கவேண்டும். முனை பொருந்துகிறது என்பது மட்டும் போதாது.

சார்ச்சர் நன்றாக இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். வெளியே கழலக்கூடிய பற்றரியாயின் அதையும் எடுத்துவிடுங்கள். பின்பு சுவிச்சை 30 விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின் வடிந்துவிடும். அதன்பின் சார்ச்சரை மட்டும் செருகி இயக்கிப் பாருங்கள். இது செலவில்லாத வேலை. பல கணினிகள் இதனாலேயே எழும்பிவிடும்.

விளக்கு எரிந்து, விசிறி சுற்றி, திரை மட்டும் இருண்டிருந்தால், திரைமேல் ரோச் வெளிச்சத்தைச் சரிவாகப் பிடியுங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால் திரையின் பின்னொளி போய்விட்டது என்பது பொருள். எச்.டி.எம்.ஐ. கம்பியால் தொலைக்காட்சியில் இணைத்துப் பார்ப்பதும் நல்லது. அங்கே படம் வந்தால் கணினி நலமாகவே இருக்கிறது, திரைப் பக்கத்தைத் திருத்தினால் போதும்.

நிறுவனத்தின் சின்னம் தோன்றி அப்படியே நின்றுவிட்டால், செருகியுள்ள பென்ரைவ் முதலியவற்றை அகற்றிவிட்டு மறுபடி இயக்குங்கள். விண்டோஸ் சிலமுறை எழும்பத் தவறினால் தானாகவே மீட்புப் பக்கத்துக்குப் போகும். அங்கே 'ஸ்ராட்டப் றிப்பெயர்' என்பதைத் தெரிவதால் உங்கள் கோப்புகள் அழியமாட்டா. 'றீசெற்' என்பது வேறு. அதற்குள் 'றிமூவ் எவ்றிதிங்' என்பதை அழுத்தினால் எல்லாமே போய்விடும். 'கீப் மை ஃபைல்ஸ்' கோப்புகளை விட்டுவைத்தாலும், நீங்கள் ஏற்றிய மென்பொருட்களை நீக்கிவிடும்.

"புதிதாக விண்டோஸ் போட்டுத் தருகிறேன்" என்று கடையில் சொன்னால் உடனே தலையாட்டவேண்டாம். அது திருத்துபவருக்கு இலகுவான வழி. கோப்புகளை முதலில் பிரதி எடுத்துத் தரும்படி கேளுங்கள். கோப்புகள் இருப்பது சேமிப்புத் தட்டில். கணினியின் தாய்ப்பலகை எரிந்துபோனாலும், பல கணினிகளில் அந்தத் தட்டைக் கழற்றி வேறொன்றில் வாசிக்கமுடியும். ஆனால் புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் தட்டு தானாகவே மறைகுறியிடப்பட்டிருக்கும். 48 இலக்கத் திறப்பெண் இல்லாமல் அது எங்கும் திறக்காது. அந்த எண் வழமையாக மைக்ரோசொவ்ற் கணக்கில் இருக்கும். எனவே பிள்ளை எந்த மின்னஞ்சலில் கணக்குத் திறந்தது என்பதையும் கடவுச்சொல்லையும் கொப்பியில் எழுதிவையுங்கள். பழைய சுழலும் தட்டு 'டக், டக்' என்று ஒலித்தால், மேலும் இயக்கிப் பார்க்காமல் நிறுத்திவிடுங்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கண்டாவளை எப்படி மூழ்கியது என்பதை நாம் மறக்கவில்லை. நனைந்த கணினி வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்ப்பதுதான் அதைக் கொல்லும். ஈரத்தினூடாக மின் பாயும்போதே உறுப்புகள் எரிகின்றன. சார்ச்சரையும் பற்றரியையும் அகற்றி, கூடாரம்போல் விரித்துக் கவிழ்த்து வையுங்கள். அடுப்பருகே வைப்பதும் அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம். வெள்ளநீரின் சேறும் உப்பும் உலர்ந்த பின்னும் உள்ளே அரித்துக்கொண்டேயிருக்கும். ஆகவே தாமதிக்காமல், திறந்து கழுவத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கணினி நன்றாக இருக்கும்போதே கோப்புகளை இரண்டு பென்ரைவ்களில் பிரதி செய்து, ஒன்றை வெள்ளம் ஏறாத ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்துவையுங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் திரும்பவும் பெறலாம். குடும்பப் படங்களை எந்த அலுவலகத்திலும் பெறமுடியாது. அவற்றை முதலில் பிரதி செய்யுங்கள்.