கேப்டனிடமும் கேள்வி கேள்!

கப்பலில் 'பிரிட்ஜ்' என்றால் நம்ம கல்லணைப் பாலம் மாதிரி இல்லை. கப்பலைச் செலுத்தும் மேல்தள அறை.

2017 ஜனவரி 28-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதி, கரையெல்லாம் எண்ணெய் ஒதுங்கியது. ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். ரேடார் இருந்தால் மட்டும் விபத்து நிற்காது. அதனால்தான் கடலோடிகள் பயிற்சிக்கான 1978-ம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையை 2010-ல் மணிலாவில் திருத்தியபோது, பிரிட்ஜில் வேலையைப் பங்கிடுவதையும், தவறு கண்டால் துணிந்து சொல்வதையும் கட்டாயப் பாடமாக்கினார்கள். சிமுலேட்டரில் பயிற்சியாளர் வேண்டுமென்றே தப்பான உத்தரவு கொடுப்பதும் உண்டு. "சார், வலப்பக்கம் கப்பல் வருது" என்று கேடட் சொல்லணும்.

வயல் கூலியான என் அப்பா பண்ணையார் முன் வாய் திறந்ததில்லை. வீட்டில் முதலில் படிக்க வந்த நானும் வொர்க்‌ஷாப்பில் சந்தேகம் கேட்கத் தயங்கினேன். இனி கேட்பேன். நீங்களும் கேளுங்கள்!