கம்ப்யூட்டர் 'இல்லை' என்கிறது... புத்தகம் அலமாரியில் இருக்கு!

"பொன்னியின் செல்வன் இருக்கா?" நூலகர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து "இல்லைங்க" என்கிறார். புத்தகமோ அவருக்குப் பின்னால் அலமாரியில் இருக்கிறது. ஏன் இந்தக் கூத்து?

கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றில் 'கோஹா' என்ற இலவச சாப்ட்வேர் ஓடுகிறது. நியூசிலாந்தில் உருவாகி 2000-ல் பயன்பாட்டுக்கு வந்தது. இதில் தமிழ்ப் பெயர்களை யூனிகோடில் அடித்தால்தான் தேடும்போது சிக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது வெறும் ஆங்கில எழுத்துதான். தலைப்பை ஆங்கிலத்திலேயே அடித்து வைத்திருந்தால் இன்னும் மோசம். 'பொன்னியின்' என்பதற்கு ஒருவர் ஒரு 'என்' போடுவார், இன்னொருவர் இரண்டு போடுவார். அப்புறம் எங்கே கிடைக்கும்?

தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல்.

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உள்ளதுபோல புத்தகத்தில் ஆர்.எப்.ஐ.டி. சில்லு ஒட்டினால், பதியாமல் வாசலைத் தாண்டும்போது அலாரம் அடிக்கும். நல்ல வசதிதான். ஆனால் சில்லுக்குத் தெரிவது புத்தகத்தின் எண். பெயரை அடிப்பது ஆள்தானே! மெஷினுக்குச் செலவு செய்கிறவர்கள், நூலகருக்குத் தமிழ்99 விசைப்பலகையும், பழைய பட்டியலை யூனிகோடுக்கு மாற்றும் முறையும் முதலில் சொல்லித் தரணும்.

அதுவரை, 'இல்லை' என்று வந்தால் எழுத்தாளர் பெயரைச் சொல்லி இன்னொரு முறை தேடச் சொல்லுங்கள். அப்படியும் வராவிட்டால் அலமாரியையே பார்த்துவிடுங்கள்.