ஏழூர் சுற்றலாம்... சைக்கிளில்!

"அண்ணி, இந்த வயசுல சைக்கிளா? அண்ணன் எங்கேயாவது விழுந்து வெச்சா யார் பார்க்கிறது?"

திருவையாற்றில் இருக்கும் என் நாத்தனார் கேட்ட முதல் கேள்வியே இதுதான். அவள் சொன்ன 'இந்த வயசு', இவருக்கு 56, எனக்கு 50. இவருக்கு ஒன்பது வருஷமாக சர்க்கரை. கூடவே முழங்கால் வலி. "தினமும் நடங்க" என்பார் டாக்டர். நாலு நாள் நடப்பார். ஐந்தாம் நாள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கடைசியில் டாக்டரே, "சைக்கிள் ஓட்டத் தெரியுமில்ல? ஓட்டுங்களேன். உடம்போட எடையை சீட் தாங்கிக்கும். முட்டி பிழைச்சுக்கும்" என்றார்.

ஓட்டத் தெரியுமாவாம்! இவர் காலேஜ் முழுக்க சைக்கிளிலேயே போனவர். நானோ புதுக்கோட்டைக்காரி. 1990-களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக் கொடுத்ததே, அந்தக் கூட்டத்தில் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு பழகியவள். ஆனால், சென்னையில் எங்கே ஓட்டுவது? ஒரு பக்கம் ஆட்டோ, இன்னொரு பக்கம் தண்ணி லாரி. மூன்று மாதம் விடியற்காலை 5 மணிக்கு எழுந்து எங்கள் பேட்டையையே சுற்றிச் சுற்றி வந்தோம். இவருக்கு அலுத்துவிட்டது. "ஒரே தெருவை எத்தனை தடவைடி பார்க்கிறது?" என்றார்.

நியாயம்தானே! அதனால்தான் பொங்கலுக்கு நாத்தனார் வீட்டுக்குப் போனபோது இந்த யோசனை வந்தது.

திருவையாற்றைச் சுற்றியுள்ள ஏழூர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சித்திரையில் ஐயாறப்பர் பல்லக்கில் ஏறி, புது மாப்பிள்ளை நந்தியோடு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் என்று சுற்றி வருவார். திருநெய்த்தானத்துக்கு இப்போது தில்லைஸ்தானம் என்று பெயர். நந்தி கல்யாணத்துக்குப் பழம் பழனத்திலிருந்தும், சோறு சோற்றுத்துறையிலிருந்தும், பூ பூந்துருத்தியிலிருந்தும், நெய் நெய்த்தானத்திலிருந்தும் வந்ததாம். சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் உள்ள மனுஷர் சுற்றி வரவேண்டிய ஊர்களா இவை என்று கேட்காதீர்கள்! அடுத்தடுத்து இருக்கிற ஊர்கள். நடுவே காவிரி, குடமுருட்டி. மேடு கிடையாது, ஒரே சமவெளி. சைக்கிளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நாத்தனார் பிள்ளைகள் ப்ளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள்கள் இரண்டும் கொல்லைப்புறத்தில் சும்மா கிடந்தன. சைக்கிள் கடையில் டியூப் மாற்றி, பிரேக் கட்டை போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டு வாங்கி வந்தோம். முக்கியமாக, சீட்டின் உயரத்தைச் சரிசெய்தோம். நம்மில் பலர் கால் தரையில் நன்றாக ஊன்றவேண்டும் என்று சீட்டை அடியில் இறக்கிவிடுகிறோம். முட்டி மடங்கியே மிதித்தால் வலிக்காமல் என்ன செய்யும்? சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் ஏறக்குறைய நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது குதிகாலால் அல்ல, முன்பாதத்தால் மிதிக்கவேண்டும்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கே கிளம்பி தில்லைஸ்தானம், திரும்பி வந்து திருப்பழனம். இரண்டும் பஸ் ரோட்டில் இருப்பவை. அதனால்தான் அத்தனை சீக்கிரம். பஸ்களும் பள்ளி வேன்களும் பறக்க ஆரம்பிக்கும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டோம். இவர் முகத்தைப் பார்க்கணுமே! காலேஜ் பையன் தோற்றான்.

நிஜமான அமைதி இரண்டாம் நாள்தான் கிடைத்தது. திருவையாற்றிலிருந்து ஆற்றுப் பாலங்களைத் தாண்டி கண்டியூர் வரை தஞ்சாவூர் ரோடு. அங்கே வண்டிகள் அதிகம். பாலத்தில் வீரம் காட்டாமல் இறங்கித் தள்ளிக்கொண்டே போனோம். கண்டியூரில் சிவனையும் பெருமாளையும் கும்பிட்டுவிட்டு வேதிகுடிப் பக்கம் திரும்பினோமோ இல்லையோ... சத்தமே நின்றுவிட்டது!

வாழைக்கொல்லை, அதைத் தாண்டி வயல், வாய்க்கால், மறுபடி வாழைக்கொல்லை. தை மாதம் என்பதால் சம்பா நெல் தலை சாய்ந்து நின்றது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் ஓசை, நம் செயினின் கிறீச். அவ்வளவுதான். ஒருவர் பக்கத்தில் ஒருவராக ஓட்டிக்கொண்டு ரொம்ப நாள் கழித்து நாங்கள் பேசிக்கொண்டோம். பேசிக்கொண்டே ஓட்ட முடிகிறதா என்பதுதான் வேகத்துக்கும் அளவு. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் மெதுவாகப் போகவேண்டும். இடத்துக்கு இடம் ரோட்டிலேயே நெல்லைக் காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றினால் சக்கரம் வழுக்கும். அது போக, அது ஒருத்தருடைய சோறு. இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகலாம். நாய் துரத்தினாலும் அப்படியே. இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் குரைத்துவிட்டுப் போய்விடும்.

வேதிகுடியிலிருந்து சோற்றுத்துறைக்குப் போகும்போது இவர் பின்தங்கினார். திரும்பிப் பார்த்தேன். வண்டி இப்படியும் அப்படியும் ஆடுகிறது.

"என்னங்க, கொஞ்சம் உட்காரலாமா?"

"எதுக்கு? உனக்கு எப்பப் பாரு நிறுத்தணும்!" என்று சீறினார். கோபக்காரர்தான், ஆனால் காரணமில்லாமல் எரிந்து விழுபவர் இல்லை. எனக்கும் சுருக்கென்று கோபம் வந்து முன்னே மிதித்தேன். பத்து மிதி போனதும்தான் உறைத்தது. தை மாதக் காலைக் குளிரில் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறதே!

ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். கை நடுங்கியது. "சோத்துத்துறை போயி சாப்பிடலாம்" என்று சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். வாழைமரத்தடியில் உட்கார வைத்து, கூடையிலிருந்து மீட்டரை எடுத்துக் குத்திப் பார்த்தால்... 58!

நடந்தது இதுதான். சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல ஆறரைக்கே போட்டுக்கொண்டார். டிபனைத் தள்ளிப் போட்டார். 'சோற்றுத்துறையில் சாப்பிட்டால் விசேஷம்' என்று ஆமாம் போட்டவள் நான்தான். மீட்டரை மறக்காமல் கொண்டுவந்த புத்திசாலி, குளுக்கோஸ் பொட்டலத்தை நாத்தனார் வீட்டு மேஜையிலேயே விட்டுவிட்டேன். எந்த அமைதியைத் தேடி வந்தோமோ, அந்த அமைதியில் கடை இல்லை, ஆட்டோ இல்லை, ஆள் இல்லை. சென்னைத் தெருவென்றால் பத்தடிக்கு ஒரு பெட்டிக்கடை. இங்கே யாரைக் கேட்பேன்?

"யாரும்மா அது?" என்று வாழைக்கொல்லைக்குள்ளிருந்து குரல் வந்தது. இலை அறுக்கிறவர்களுக்குத் தூக்கில் டீ கொண்டுவந்த ஒரு பாட்டி. விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "சக்கரை தூக்கலாத்தான் போட்டிருக்கேன், குடிக்கச் சொல்லு" என்று மூடியில் ஊற்றி நீட்டினார். இரண்டு மூடி குடித்தார். கால் மணி நேரம் பொறுத்து மறுபடி குத்திப் பார்த்தேன். 84. "நான் உன்னைத் திட்டினேனா என்ன?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மெதுவாகத் தள்ளிக்கொண்டே சோற்றுத்துறை போய்ச் சேர்ந்து, இட்லி வாங்கிச் சாப்பிட வைத்தேன். அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தேன். ஊர் திரும்பியதும் நேரிலும் பார்த்தோம். அவர் சொன்னது எல்லோருக்கும் உதவும்.

சைக்கிள் மிதிக்கும்போது தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அது நல்லதுதான், அதற்காகத்தானே ஓட்டுகிறோம்! ஆனால் இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கணையத்தைத் தூண்டி இன்சுலினை அதிகம் சுரக்க வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். எல்லா சர்க்கரை மாத்திரையும் இப்படிச் செய்யாது. உங்களுடையது எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினைத் தொடையில் போட்டுக்கொண்டு உடனே மிதித்தால் அது வேகமாக ரத்தத்தில் கலந்துவிடும். கிளம்பும் முன் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டே ஏறவேண்டும். வியர்வை, நடுக்கம், படபடப்பு மட்டுமல்ல. காரணமில்லாத எரிச்சல், உளறல்கூட அறிகுறிதான். 70-க்குக் கீழே போனால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷத்தில் மறுபடி பார்க்கவேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 108-க்குத்தான் கூப்பிடவேண்டும். நிறைய ஓட்டிய நாளில் ராத்திரியில்கூட சர்க்கரை இறங்கலாம். மார்வலி உள்ளவர்கள், கண்ணுக்கு லேசர் செய்துகொண்டவர்கள், காலில் புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது.

"சைக்கிள் ஓட்டுற அன்னிக்கு மாத்திரையை நானே குறைச்சுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டார் இவர். "குறைக்கிறது என் வேலை. நேரத்துக்குச் சாப்பிடறது உங்க வேலை" என்று சிரித்தார் டாக்டர்.

அது ஊர் திரும்பிய பிறகு. சோற்றுத்துறையிலிருந்து வந்த அன்று மத்தியானம் நாத்தனார் வீட்டில் எனக்குக் கிடைத்த திட்டு கொஞ்ச நஞ்சமல்ல. சைக்கிள் சாவிகளை எடுத்து ஒளித்தே வைத்துவிட்டாள். அசோகா இல்லாமல் திருவையாறா என்று வாங்கி வைத்திருந்ததில் இவருக்குக் கட்டை விரல் அளவு கொடுத்தாள். அதை வாயில் அடக்கிக்கொண்டே, "ஆறு ஊர்தான் ஆச்சு. பூந்துருத்தி பாக்கி இருக்கே?" என்றார். நான் பதிலே பேசவில்லை.

மறுநாள் விடியற்காலை சாவிகள் அடுக்களை ஜன்னலில் இருந்தன. என் சைக்கிள் கூடையில் நாலு இட்லிப் பொட்டலம், ஒரு டப்பா குளுக்கோஸ், வெல்லக் கட்டி, இரண்டு பாட்டில் தண்ணீர். வாசலில் நாத்தனார்.

"ஏழு மணிக்கு அண்ணன் சாப்பிட்டாச்சான்னு போன் பண்ணுவேன் அண்ணி. எடுக்கணும்."