முட்டு வேறு, சாரம் வேறு

"மாமா, சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துல அவ்வளவு பெரிய கேலரி கட்டினாங்களே, உச்சியில வேலை செஞ்சவங்க எதுமேல நின்னாங்க?" செஞ்சி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அக்கா மகன் கேட்டான். சாரத்துமேல என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். டீ ஆற நேரம் வேண்டுமே.

முதலில் ஒன்று. ஈரக் காங்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நிற்பது முட்டு. ஆளையும் அவன் சாமானையும் தாங்குவது சாரம். இரண்டும் இரும்புக் குழாய்தான், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் சாரத்தின் தலையில் காங்கிரீட்டை ஏற்றுகிற கூத்தெல்லாம் நடக்கிறது.

நம்மூரில் கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கச் சவுக்குக் கம்பும் கயிறும் போதும். தரை சமம், சேர்த்துக் கட்டக் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. கேலரியில் இரண்டுமே கிடையாது. "நம்ம ராஜகிரிக் கோட்டைப் படிக்கட்டுல பந்தக்கால் நடணும்னா எப்படி நடுவே?" என்றேன். ஒவ்வொரு காலும் ஒவ்வொரு நீளம். மிச்சத்தைச் சரிக்கட்ட அடியில் திருகு ஜாக்கி. கேலரி வளைந்து வேறு போகும். முன்வரிசையில் நெருங்கி நிற்கும் கால்கள் பின்னால் போகப் போக விசிறிபோல் விரியும்.

சாரத்தின் கால் நிற்கும் கேலரிப் படி எவ்வளவு தாங்கும்? இரண்டு டம்ளருக்கு நடுவே ஒரு பிஸ்கட்டைப் பாலமாக வைத்து நடுவில் விரலால் அழுத்தினேன். உடைந்தது. இன்னொன்றை வைத்து டம்ளர் விளிம்புக்கு நேர்மேலே அழுத்தினேன். அசையவில்லை. உட்காரும் படி பிஸ்கட். அடியில் சரிவாக ஓடும் உத்தரம் டம்ளர். சாரத்தின் கால் உத்தரத்துக்கு நேராக விழ வேண்டும்.

1916 முதல் இருக்கிற மைதானம் சேப்பாக்கம். 2011 உலகக் கோப்பைக்காக ஐ, ஜே, கே கேலரிகள் எழுந்தன. பிறகு அண்ணா பெவிலியனை இடித்துக் கட்டிய கலைஞர் கேலரி 2023 மார்ச் 17 அன்று திறக்கப்பட்டது; ஐந்தே நாளில் இந்தியா-ஆஸ்திரேலியா ஆட்டம்.

இந்த மாதிரிக் கேலரிகளில் கூரைதான் பெரும்பாடு. ஆட்டத்தை மறைக்கும் என்பதால் முன்னால் தூண் வைக்க மாட்டார்கள். கூரை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே எழுப்பும் சாரத்துக்குச் சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லை. அடி அகலத்தைப் போல நாலு மடங்குக்குமேல் உயர்ந்தால் எதோடாவது சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. தூசிக்காகப் பச்சை வலையைச் சுற்றிவிட்டால் அது கப்பல் பாய் மாதிரி காற்றை வாங்கும். கட்டுகளை இன்னும் நெருக்கிப் போட வேண்டும்.

"பிரிக்கிறப்ப?"

கட்டியதற்கு நேர் எதிர்வரிசை. ஒரு தட்டு இறங்கும்வரை அதன் கட்டுகளை அவிழ்க்கக் கூடாது. ஆனால் பூச்சுக்காரருக்குக் குறுக்கே ஒரு பைப் இடைஞ்சலாக இருக்கும்; "அஞ்சு நிமிஷம்" என்று கழற்றுவார், மாட்ட மறப்பார். அதைப் பார்த்த மேஸ்திரி, ஏறலாம் என்று ஏணியடியில் தொங்கும் பச்சை அட்டையை எடுத்துவிட்டுச் சிவப்பை மாட்டி எல்லாரையும் கீழே இறக்க வேண்டும், எத்தனை பேர் திட்டினாலும்.