எச்சில் சோறும் என் சின்னவளும்

சின்னவள் வயிற்றில் இருந்தபோது மூத்தவனுக்கு ரெண்டு வயசு. அவன் தட்டில் மிச்சம் வைப்பதை நான்தான் சாப்பிடுவேன். அவன் கடித்த பிஸ்கட்டை என் வாயில் திணிப்பான், வாங்கிக்கொள்வேன். பெத்த பிள்ளையின் எச்சிலை எந்தத் தாய் எச்சில் என்று நினைப்பாள்?

சின்னவள் 2021-ல் பிறந்தாள். எடை இரண்டே கால் கிலோ. உடம்பெல்லாம் கொசு கடித்த மாதிரி செம்புள்ளி, மஞ்சள் காமாலை வேறு. "இள வெயில்ல காட்டுங்க, சரியாயிடும்" என்று பிரசவம் பார்த்த இடத்தில் அனுப்பிவிட்டார்கள். புள்ளி ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பதினாறாம் நாள் என் நாத்தனார்தான் பிடிவாதமாக மதுரையில் ஒரு குழந்தை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

அவர் முதலில் கேட்டதே, "பிறந்து எத்தனை நாளாச்சு?" என்றுதான். 21 நாளுக்குள் குழந்தையின் சிறுநீரையோ எச்சிலையோ பரிசோதித்தால்தான், நோய் வயிற்றிலேயே வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமாம். அதற்கு மேல் போனால், பிறந்த பிறகு தாய்ப்பாலில் வந்ததா என்றுகூடப் பிரிக்க முடியாது. நல்லவேளை, ஐந்து நாள் மிச்சம் இருந்தது.

வந்திருந்தது சைட்டோமெகலோ வைரஸ். சி.எம்.வி. என்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலான பெண்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியாமல் வந்து, உடம்பில் தூங்கிக்கொண்டிருக்குமாம். கர்ப்பத்தில் அது மறுபடி விழித்தாலோ, வேறு வகை புதிதாகத் தொற்றினாலோ குழந்தைக்குப் போகலாம். அப்படிப் போனாலும் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிறக்கும்போது எந்தக் குறையும் தெரியாமல்தான் பிறக்கின்றன. என் பெண் அந்தப் பத்தாவது.

பெரா டெஸ்டில் இடது காது கேட்கவில்லை என்று தெரிந்தது. வால்கான்சிக்ளோவிர் என்ற மருந்து, தினம் ரெண்டு வேளை, ஆறு மாதம். எடை ஏற ஏற அளவு மாறும். தங்கம் நிறுக்கிற மாதிரி அளந்து ஊற்றுவேன். ரத்தத்தில் வெள்ளை அணு குறையுமாம், அதனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அந்தப் பிஞ்சுக் கையில் ஊசி குத்தும்போது நான் வெளியே வந்து நின்றுவிடுவேன்.

"எச்சிலைத் தின்னு வந்த வினை" என்றார் மாமியார். டாக்டர் சிரித்தபடி, "நீங்க உங்க பிள்ளை எச்சிலைச் சாப்பிடலியாம்மா? எதுலருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார். அதற்கப்புறம் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. ஆனால் எனக்குள் ஓயவில்லை.

இப்போது என் தங்கை முழுகாமல் இருக்கிறாள், கையில் ஒன்றரை வயசுப் பையன். அவனுக்குத் தனி தட்டு, ஸ்பூன் வை என்றேன். கால் கழுவிவிட்டாலும், மூக்கு, ஜொள்ளு துடைத்தாலும் சோப்பு போட்டுக் கை கழுவு. முத்தம் வாயில் வேண்டாம், நெற்றியில் கொடு. கட்டிக்கொள்ளத் தடையே இல்லை. இதற்குத் தடுப்பூசி கிடையாது, இந்த ஜாக்கிரதைதான். "போக்கா, ரொம்பத்தான் பண்றே" என்று சிரித்தாள். இருந்தாலும் போன வாரம் போனபோது தனி ஸ்பூன் இருந்தது.

சின்னவள் காதில் மெஷின் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். நன்றாக இருக்கிற காதும் பின்னால் மந்தமாகலாம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டெஸ்ட். ஆடியில் பார்த்தபோது வலது காது நன்றாக இருந்தது. அடுத்தது தை மாதம்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்